படலையில் நின்ற நமசிவாயம்

ஏழாலை நமசிவாயம் செய்துவைத்த கலியாணங்களைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. ஒன்று அவருடையது. மற்றது, அவரால் கலியாணம் செய்துகொண்டவர்களுடையது.

முதலில் அவர் சங்கக்கடையில் சீனி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த வீட்டுக்கு எவ்வளவு சீனி போகிறது என்று தெரிந்தவனுக்கு எந்த வீட்டில் பெண் பார்க்க ஆட்கள் வந்துபோகிறார்கள் என்பதும் தெரியும். அந்தத் தகவலைச் சும்மா வைத்திருப்பது பாவம் என்று தோன்றவே, தராசை விட்டுவிட்டுக் கலியாணப் புரோக்கரானார். ஒரு ரலி சைக்கிள், ஒரு கறுப்புக் குடை, கக்கத்தில் ஒரு கட்டுச் சாதகம். முதலீடு அவ்வளவுதான்.

தொழிலுக்கு அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார்.

"குறை எண்டது தாலிக்குப் பிறகு தெரியவேண்டிய சாமான்."

இந்த விதிப்படி, திக்குவாய் மாப்பிள்ளை 'அளந்து கதைக்கிற பொடியன்' ஆனார். ஒரு காது கேளாத பெண் 'மாமியாரோடை சண்டைக்குப் போகாத பிள்ளை' ஆனாள். பிந்தியது உண்மையாகவே பலித்தது என்பார்கள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டில், ஐம்பத்தைந்து வயதில், அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று உரசி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தன. மனிசன் கடைசியில் கடவுளிடம் போய்விட்டார், உருத்திராட்சம் உருட்டுகிறார் என்று அக்கம்பக்கம் நினைத்தது. எழுத்து சிறுத்தது. மாப்பிள்ளைமாரின் உத்தியோகத்தை அவர் பெருக்கப் பெருக்க அதை எழுதும் எழுத்து எறும்பு மாதிரிச் சுருங்கியது. பிறகு முகம் இறுகியது. சிரிப்பும் இல்லை, சுளிப்பும் இல்லை. எந்தப் பொய்யைச் சொன்னாலும் மாவிடித்த உரல் மாதிரி ஒரே முகம். ஒரு புரோக்கருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. அந்த வருடம் அவருக்குத் தொழில் நன்றாகப் போனது.

அதற்குப் பிறகுதான் கால்.

யாழ்ப்பாணத்தில் மரியாதை தெரிந்தவன் இன்னொருவர் வீட்டுப் படலையில் சைக்கிளை விட்டு இறங்குவான். வேலியில் விட்ட அந்தக் கதவைத் தள்ளித் திறந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வளவுக்குள் நடப்பான். ஏறியபடி உள்ளே போகிறவன் ஒன்றில் பொலிஸ், இல்லையென்றால் பைத்தியம். நமசிவாயம் மரியாதை தெரிந்தவர். உரும்பிராயில் ஒரு பெண் வீட்டுப் படலையில் இறங்கினார், திறந்தார், வலது காலைத் தூக்கினார். தூக்க நினைத்தார் என்பதுதான் சரி. கால் வரவில்லை. ஆணியடித்த மாதிரி நிலத்தில் நின்றது. உள்ளே பலகாரத் தட்டோடு பெண்ணின் தாய் காத்திருந்தார். புரோக்கர் வாசலில் நின்று நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, உள்ளுக்கு வாங்கோவன்."

"வாறன்" என்றார் நமசிவாயம். வரவில்லை.

சம்பந்தம் பேச வந்தவர் வாசலில் நின்றுவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சகுனப்பிழை. அன்று பின்னேரமே அந்த வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அடுத்து மல்லாகத்தில் ஒரு படலை, பிறகு சுன்னாகத்தில் ஒன்று. எல்லா இடத்திலும் அதே கதை. இடுக்கமான வாசலைக் கண்டால் கால் ஒட்டிக்கொள்ளும். அகலமான றோட்டில் ஓரளவு வரும். அவருடைய போட்டிக்காரர் மார்க்கண்டர் இந்தச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கு அவர் கூலி எதுவும் வாங்கவில்லை.

"நமசிவாயத்தாற்றை கால் பொய் சொல்லாது" என்று மார்க்கண்டர் சுன்னாகம் சந்தையில் வெங்காயத்துக்கு நடுவே நின்று சொன்னார். "வாய் சொல்லும். கால் சொல்லாது. கூடாத சம்பந்தம் எண்டால் கால் நிண்டிடும்."

வீட்டில் மனைவி குணலட்சுமிக்கு வேறு விளக்கம் இருந்தது. மனிசன் சைக்கிளில் ஏறினால் சுன்னாகத்துக்கும் கோண்டாவிலுக்கும் இளந்தாரி மாதிரி ஓடுகிறார். குசினியிலிருந்து கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளச் சொன்னால் வாசலில் சிலையாகிறார்.

"ஊர் சுத்தக் கால் இருக்கு. தண்ணி அள்ளக் கால் இல்லை. இது என்ன நோய், என்ன வருத்தமப்பா?"

 சைக்கிளில் ஏறிய கணத்தில் எல்லாம் சரியாகிவிடுவது நமசிவாயத்துக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

எண்பத்தொன்பதில், இந்தியப் படை நின்ற காலத்தில், இன்னொரு விசித்திரம் நடந்தது. றோட்டில் அவர்கள் போட்ட காவலரணான சென்றியில் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு கடக்கவேண்டும். நமசிவாயம் இறங்கினார், நின்றார். பின்னால் சனம் வரிசையில் சேர்ந்தது. சிப்பாய் கத்தினான். கத்தினால் கால் இன்னும் இறுகியது. இவன் ஏதோ கள்ளன் என்று நினைத்த சிப்பாய், அங்கேயே நில், அசையாதே என்று காட்டுவதற்காகக் கையிலிருந்த தடியை அவருடைய காலடியில் குறுக்கே வைத்தான். அடுத்த கணம் நமசிவாயத்தின் கால் தானாக எழும்பித் தடியைத் தாண்டி அப்பால் போய் நின்றது.

சிப்பாய்க்கு ரத்தம் தலைக்கேறியது. தடியை மறுபடி முன்னால் வைத்தான். நமசிவாயம் மறுபடி தாண்டினார். வரிசையில் நின்றவர்களுக்கு உயிர் போய் வந்தது. இந்த மனிசன் ஆமிக்காரனோடு கிளித்தட்டு விளையாடுகிறாரே. மறிக்கப் போட்ட தடியாலேயே சிப்பாய் அவரை சென்றியின் அந்தப் பக்கம்வரை நடத்திக் கொண்டுபோய் விட்டான். கடைசியில் அவனுக்கே சிரிப்பு வந்திருக்கவேண்டும். போ என்று கையைக் காட்டினான். சைக்கிளை யாரோ உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். ஊரில் இது பகிடிக் கதையாக நெடுநாள் ஓடியது. இதில் ஏதோ இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஆண்டே மைத்துனர் கதிரவேலு அவரைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டுபோனார். மூளையைப் படம் எடுக்கும் மெஷின் ஒன்று அங்கே இருந்தது. பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படுக்கச் சொன்னார்கள். கோயில் தேர்ச் சில்லுக்குள் தலை விட்ட மாதிரி இருந்தது என்றார் நமசிவாயம். படம் வந்தது. அறிக்கையும் வந்தது. மூளையில் பிழை ஒன்றும் இல்லை.

"இதுக்கே கொழும்புக்குப் போனவர்?" என்றார் மார்க்கண்டர். "மண்டைக்குள்ளை ஒண்டும் இல்லையெண்டு என்னைக் கேட்டிருந்தால் நானே எழுதிக் குடுத்திருப்பன்."

நமசிவாயம் அசரவில்லை. அந்தக் கறுப்புப் படத்தைச் சாதகக் கட்டோடு சேர்த்துக் கட்டி, போகிற வீடுகளில் யன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். இனிமேல் சாதகம் பார்த்தால் போதாது, மாப்பிள்ளையின் மூளைப் படமும் கேட்கவேண்டும் என்று ஒரு புதுச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார். அது எடுபடவில்லை. தொழில் மெல்ல மெல்லப் படுத்தது. படத்தில் பிழை இல்லை என்றபிறகு குணலட்சுமிக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. இது வருத்தம் இல்லை. சோம்பல்.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கி, கறண்டு நின்றது. பெற்றோல் நின்றது. குடாநாடு முழுவதும் சைக்கிளில் ஏறியது. டொக்டரும் சைக்கிள், ஐயரும் சைக்கிள், மாப்பிள்ளையும் சைக்கிள். நடக்கமுடியாத நமசிவாயத்துக்கு இது பொற்காலமாக இருந்திருக்கவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய ஒரே மகள் அருந்ததிக்குச் சம்பந்தம் வந்தது.

அவர் கைபடாமல் அந்தக் குடும்பத்தில் அமைந்த சம்பந்தம் அது. அருந்ததி படிப்பித்த பள்ளிக்கூடத்தில் தேவராசா என்ற கணக்கு வாத்தியார் இருந்தார். சாதகமும் பார்க்கவில்லை, புரோக்கரும் பார்க்கவில்லை, அவர்களே பார்த்துக்கொண்டார்கள். தேவராசாவின் தகப்பன் சிவசுப்பிரமணியம் அரியாலை ஆள்; அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மரியாதைக்காரர். எதற்கும் ஓம் என்பவர். அந்த வீட்டில் இல்லை என்று சொல்லும் பொறுப்பு அவருடைய மனைவி பாலேஸ்வரியிடம் இருந்தது. பாலேஸ்வரிக்கு மார்க்கண்டர் ஒன்றுவிட்ட அண்ணன்.

மார்க்கண்டர் தன் கடமையைச் செய்தார். பாலேஸ்வரி தன் முடிவைச் சொல்லியனுப்பினார்: "கதை பேச்செல்லாம் சரி. பொன்னுருக்குக்குப் பொம்பிளையின்ரை தேப்பன் இஞ்சை வரவேணும்தானே. எங்கடை படலையிலை நிக்காமல் உள்ளுக்கு வந்தால் கலியாணம். நிண்டாரெண்டால், அதோடை சரி."

பொன்னுருக்கு என்பது மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்துத் தாலிக்குப் பொன் உருக்குவது. பெண்ணின் தகப்பன் போகாமல் இருக்கமுடியாது.

நமசிவாயம் கொழும்புப் படத்தைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் டவுனில் டொக்டர் அடைக்கலநாதனிடம் போனார். தனக்கு ஒன்றுமில்லை என்று ஒரு கடிதம் வாங்கிவிட்டால் பாலேஸ்வரியின் வாயை அடைக்கலாம் என்பது திட்டம். டொக்டரின் அறை வாசலில் அவருடைய கால் வழக்கம்போல் ஒட்டிக்கொண்டது. டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கன்னத்தில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக உள்ளே வந்து நமசிவாயம் படத்தை நீட்டினார்.

"படம் கிடக்கட்டும்" என்றார் டொக்டர். "நான் இவ்வளவு நேரமும் உம்மைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தனான். இது பாக்கின்சன் வருத்தம்."

"படத்திலை ஒண்டுமில்லை எண்டு எழுதியிருக்கினமே ஐயா."

"உம்மடை வீட்டு ஒழுங்கையிலை லைற் போஸ்ற் நிக்குதோ?"

"நிக்குது."

"வயர்?"

"இருக்கு. அந்தப் போஸ்றிலைதான் மனிசி கொடி கட்டிச் சீலை காயப்போடுறவ."

"கறண்டு வருகுதோ?"

"அது எங்கை வருகுது."

"இப்ப உம்மடை ஒழுங்கையைப் படம் எடுத்தால் என்ன தெரியும்? போஸ்ற் தெரியும், வயர் தெரியும், சீலை தெரியும். கறண்டு இல்லாதது தெரியுமோ? கொழும்பிலை எடுத்தது அந்தப் படம்."

நமசிவாயம் படத்தை முதல்முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தார்.

டொக்டருக்கு வெளிநாட்டு மருத்துவச் சஞ்சிகைகள் கடல் கடந்து, செஞ்சிலுவைக் கப்பல் கடந்து, பழசாகி வந்து சேரும். புதுச்சேதி கதைக்க ஆளில்லாமல் இருந்தவருக்கு அன்று ஆள் அகப்பட்டது. லண்டனில் வேறு மாதிரிக் கமெரா வந்திருக்கிறது என்றார். மூளையின் உருவத்தை அல்ல, அது வேலை செய்வதை எடுக்கிற கமெரா. ஆளின் ரத்தத்தில் ஒரு மருந்தை ஏற்றி, கையை ஆட்டச் சொல்லி, அந்த நேரத்தில் மூளையில் எந்தெந்த இடத்துக்கு ரத்தம் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள்.

"முன்பக்கத்திலை ஒரு இடம் இருக்கு. 'வெளிக்கிடு' எண்டு கட்டளை குடுக்கிறதிலை அதுக்குப் பெரிய பங்கு. மற்ற ஆக்களுக்கு அது நல்லாய் எரியுது. உம்மைப் போலை ஆக்களுக்கு மங்கல். அந்த இடம் சாகேல்லை. அடியிலை ஒரு சின்னப் பவர் ஹவுஸ் இருக்கு, அது படுத்துப்போச்சு. அதாலை அந்த லைன் முழுக்க மங்கல்."

"அப்ப சைக்கிள் எப்பிடி ஐயா ஓடுது?"

"வீட்டிலை றேடியோ எப்பிடிக் கேக்கிறியள்?"

"சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்துவம். டைனமோவிலை பாடும்."

"அதேதான். மெயின் லைன் செத்தால் வேறை வழியாலை எடுக்கிறது. சைக்கிளிலை ஒரு பெடல் மற்றக் காலைத் தூக்கி விடுகுது. காலுக்கு முன்னாலை ஒரு கோடோ தடியோ கிடந்தால், கண் பாத்துச் சொல்லக் கால் கேக்குது. அதுக்கு முன்பக்கத்தாற்றை உத்தரவு அவ்வளவாய் வேண்டாம். இப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைக்கினம். லண்டன்காரரும் இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கினம்."

நமசிவாயத்துக்குச் சென்றித் தடி ஞாபகம் வந்தது. அந்தச் சிப்பாய் லண்டன்காரரை முந்திவிட்டான்.

"எல்லாம் விளங்குது ஐயா. இப்ப எனக்கு ஒண்டுமில்லை எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ."

டொக்டர் தரவில்லை. கிடைப்பதே அருமையான குளிசையில் பாதி பாதியாக உடைத்துச் சாப்பிடும்படி கொஞ்சம் தந்தார். "சம்மந்தி வீட்டுக்கு உள்ளதைச் சொல்லிப்போடும்" என்றார்.

"சொல்லுவன்" என்றார் நமசிவாயம். "தாலிக்குப் பிறகு."

நரம்பில் வருத்தமுள்ள குடும்பம் என்று தெரிந்தால் எந்த வீடு பெண் எடுக்கும்? இந்தக் கேள்வியைத் தொழில்முறையில் அவர் பலமுறை எதிர்கொண்டிருக்கிறார். ஒருமுறையும் உண்மையைச் சொன்னதில்லை. ஆகவே டொக்டர் சொன்னதை வீட்டாருக்கு மட்டும் சொல்லிவிட்டு, வேறு திட்டம் போட்டார். பொன்னுருக்குக்கு முதல் நாள் முற்றத்தில் சைக்கிளைச் சாய்த்துவைத்து பிறேக் கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறியள்?" என்றார் குணலட்சுமி.

"படலையிலை இறங்கினால்தானே நிப்பன். இறங்காமல் நேரை உள்ளுக்குப் போறன். பிறேக் இல்லை, பிடிக்கேல்லை எண்டு சொல்லுவன்."

"அப்ப அங்கையும் பொய்."

"பொய் எங்கை? கட்டை கழட்டியாச்செல்லோ."

அருந்ததி கிணற்றடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, நிண்டால்?"

"நிக்கமாட்டன் பிள்ளை."

"நிண்டால், வருத்தமெண்டு சொல்லிப்போடுங்கோ. தேப்பனுக்கு வருத்தமெண்டு என்னை வேண்டாமெண்டால் பரவாயில்லை, அதிலை ஒரு நியாயம் இருக்கு. உங்கடை கால் நிண்டது சகுனமெண்டு வேண்டாமெண்டால் நான் யாரைப் போய்க் கேக்கிறது?"

நமசிவாயம் பிறேக் கட்டையை உள்ளங்கையில் உருட்டியபடி இருந்தார். அவருடைய முகத்தில் எதுவும் தெரியவில்லை. அது அந்த முகத்தின் குற்றம்.

மறுநாள் காலை பெண் வீட்டார் சைக்கிள் வரிசையாக அரியாலைக்குப் புறப்பட்டார்கள். கரியரில் தட்டங்கள் கட்டியிருந்தன. வாழைக்குலை கதிரவேலுவின் பாரில் குறுக்கே கிடந்தது. நமசிவாயம் முன்னால் போனார். மாப்பிள்ளை வீட்டுப் படலை விரியத் திறந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வாழை கட்டியிருந்தார்கள். அவர் மிதிப்பை நிறுத்தவில்லை. நேராக விட்டார்.

அவர் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. சிவசுப்பிரமணியத்தின் மரியாதை. சம்பந்தியைப் படலையில் நின்றே வரவேற்கவேண்டும் என்று அவர் விடியற்காலையிலிருந்து அங்கே காத்திருந்தார். நமசிவாயத்தைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து குறுக்கே வந்து, சைக்கிள் ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார்.

"வாங்கோ சம்மந்தி, வாங்கோ. இறங்குங்கோ. சைக்கிளை நான் கொண்டுபோறன்."

பிறேக் இல்லாத சைக்கிள் சரியாகப் படலைக்கு நடுவில் நின்றது. நமசிவாயம் இறங்கினார். சிவசுப்பிரமணியம் சைக்கிளை அன்போடு உருட்டிக்கொண்டு போய்விட்டார். நமசிவாயம் நின்றார்.

பின்னால் தட்டங்களோடு பெண் வீட்டார் நின்றார்கள். முன்னால் வளவு நிறைந்த மாப்பிள்ளை வீட்டார். தாழ்வாரத்தில் பொன் உருக்கும் ஆசாரியார் உமியில் நெருப்பை மூட்டிவைத்துக்கொண்டு, "நேரம் போகப்போகுது" என்று குரல் கொடுத்தார். கூட்டத்துக்குள்ளிருந்து மார்க்கண்டரின் குரல், துக்கம் விசாரிக்கும் தொனியில் வந்தது.

"நிண்டிட்டார்."

பாலேஸ்வரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படலைக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய காலைப் பார்த்தார்.

நமசிவாயத்தின் வாயில் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. முள்ளுக் குத்திப்போட்டுது. செருப்பு அறுந்துபோச்சு. குலதெய்வத்தை நினைச்சனான். மூன்றும் நல்ல பொய்கள். ஊரில் எத்தனையோ பேருக்கு அவர் இவற்றைவிட மோசமானவற்றை விற்றிருக்கிறார்.

"அம்மா, இது சகுனம் இல்லை" என்றார். "எனக்கு வருத்தம். மூளையிலை. பாக்கின்சன் எண்டு பேர். வாசலைக் கண்டால் கால் வராது. உங்களுக்கு ஒளிச்சுப்போட்டன்."

 ஏழாலை நமசிவாயம் ஒரு குறையைத் தாலிக்கு முன் சொல்லியிருக்கிறார்.

"உவர் சொல்லுறதை நம்பாதை தங்கச்சி" என்றார் மார்க்கண்டர். "கொழும்பிலை படம் எடுத்து ஒண்டுமில்லை எண்டவங்கள். ஊருக்கே காட்டினவர்."

"அந்தப் படத்திலை தெரியாது" என்றார் நமசிவாயம். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான சாட்டு என்று அவருக்கு விளங்கியது. "நீங்கள் வேணுமெண்டால் பாருங்கோ. ஏதும் ஒரு தடியை என்ரை காலடியிலை குறுக்காலை போடுங்கோ. தாண்டினால் வருத்தம். தாண்டாட்டில் சகுனம். உங்கடை விருப்பப்படி செய்யுங்கோ."

பாலேஸ்வரி சுற்றிப் பார்த்தார். கைக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரே தடி மார்க்கண்டரின் குடை. அதைப் பிடுங்கி நமசிவாயத்தின் காலடியில் போட்டார்.

வலது கால் எழும்பியது. குடையைத் தாண்டி, படலைக்கு உள்ளே போய் ஊன்றியது. இடது கால் பின்னால் வந்தது. பிறகு மறுபடி நின்றது.

யாரோ ஒருவர் சிரித்தார். பாலேஸ்வரி சிரிக்கவில்லை. குனிந்து குடையை எடுத்து மறுபடி முன்னால் போட்டார். நமசிவாயம் மறுபடி தாண்டினார். பாலேஸ்வரியின் முகத்தில் இருந்த இறுக்கம் மெல்லத் தளர்ந்தது.

"வருத்தம்தானே" என்றார். பெரிய மூச்சு ஒன்று விட்டார். "இதை முந்தியே சொல்லியிருக்கலாமே சம்மந்தி. நான் ஒரு கிழமையாய் நித்திரையில்லாமல் கிடக்கிறன். வருத்தத்துக்கு டொக்டர் இருக்கினம். சகுனத்துக்கு நான் ஆரிட்டைப் போறது?"

  முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருந்து, மாப்பிள்ளை வீட்டுத் தாய் எதற்குப் பயப்படுவாள் என்று நமசிவாயத்துக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

"பிள்ளைக்கு வருமோ?" என்று மட்டும் பாலேஸ்வரி கேட்டார்.

"வராது எண்டு—" பழைய வாய் பாதியில் நின்றது. "எனக்குத் தெரியாது அம்மா. டொக்டரைக் கேட்டுச் சொல்லுறன்."

"கேட்டுச் சொல்லுங்கோ." பாலேஸ்வரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "என்னாலை குனியேலாது. அண்ணை, இஞ்சை வாங்கோ. உங்கடை குடைதானே, நீங்களே போடுங்கோ."

"நானோ?"

"நேரம் போகுதண்ணை."

மார்க்கண்டர் வந்தார். போட்டிக்காரரின் காலடியில் குனிந்து குடையை வைத்தார். நமசிவாயம் தாண்டினார். எடுத்து மறுபடி வைத்தார். இப்படியே, மாப்பிள்ளை வீட்டுச் சனமெல்லாம் இரண்டு பக்கமும் விலகி வழிவிட, ஒரு புரோக்கர் அடிக்கொருதரம் நிலம் தொட்டுக் கும்பிடுவது மாதிரி முன்னால் போக, மற்றவர் இறுகிய முகத்தோடு சுவாமி மாதிரிப் பின்னால் எழுந்தருளினார். பின்னால் நின்ற கதிரவேலு, "அரோகரா" என்று மெதுவாகச் சொன்னார். குணலட்சுமி அவரை முழங்கையால் இடித்தார். ஆனால் தானும் சிரித்துக்கொண்டிருந்தார். கிணற்றடிக்குப் போகிற குசினி வாசலில் எதைப் போடலாம் என்று அவர் அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

நல்ல நேரம் முடிய முன்னமே பொன் உருகியது. ஆசாரியார் அதைத் தூக்கிக் காட்ட, நமசிவாயத்தின் நடுங்கும் கை எல்லோருக்கும் முன்னால் பூவைத் தூவியது. பூ நன்றாகவே பரவியது.

மார்க்கண்டர் முதுகை நிமிர்த்தி, குடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நைசாகப் படலைப் பக்கம் போகத் திரும்பினார்.

"அண்ணை, எங்கை போறியள்?" என்றார் பாலேஸ்வரி. "இருந்து சாப்பிடுங்கோ. சம்மந்தி திரும்பிப் போகவும் வேணுமெல்லோ."